சுவர்மேல் ஒரு நாளைக்கு ஒன்று

முப்பத்தோரு ஆண்டுகள் நான் பார்த்த வேலை, மற்றவர்கள் எழுதியதைச் சுருக்குவது. ஒரு நாளிதழின் புதுச்சேரி பதிப்பில் துணை ஆசிரியர். நிருபர் நாற்பது வரி அனுப்புவார். பதினாறு வரியில் நிறுத்துவேன். பெயரும் ஊரும் வயதும் சரிதானா என்று பார்ப்பேன். தலைப்பு வைப்பேன். பிறகு வீட்டுக்குப் பாகூர் பஸ். ஓய்வு பெற்ற நாளில் சால்வை போட்டார்கள், சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், மூன்று பேர் பேசினார்கள். மூன்று பேரும் சொன்னது ஒன்றுதான்: அம்மா கை பட்டால் எந்தச் செய்தியும் பாதியாகிவிடும்.

பாராட்டுதான். ஆனால் வீட்டுக்கு வந்து சில வாரம் அது உறுத்திக்கொண்டே இருந்தது. பாதியாக்கியது எவ்வளவோ. முழுசாக ஒன்று செய்தேனா? சமையலைச் சொல்லலாமென்றால், எங்கள் வீட்டில் குழம்பு என் கணவர் வைத்தால்தான் நன்றாக இருக்கும்.

மார்கழி பிறந்ததும் எனக்கு நானே ஒரு பந்தயம் கட்டிக்கொண்டேன். நூறு நாள், நாளுக்கு ஒரு பொருள். வாய்க்கால் களிமண்ணில், கையால், உள்ளங்கையைவிடப் பெரிதாகாமல். அன்று கண்ணில் பட்ட ஒன்றைத்தான் செய்ய வேண்டும். ஒருமுறை செய்ததை மறுபடி செய்யக் கூடாது. பொழுது சாய்வதற்குள் முடிய வேண்டும். ஆபீசிலிருந்து மிச்சமாக வந்த குறிப்பு நோட்டில் தேதி, எண், பொருள் என்று மூன்று பத்தி கோடு போட்டேன்.

முதல் நாள் பூட்டு செய்தேன். வயலிலிருந்து வந்த கணவர் கால் கழுவிக்கொண்டே பார்த்தார்.

“இது இன்னா?”

“பூட்டு.”

“சாவி எங்க?”

“பூட்டு மட்டும்தான்.”

“அப்ப தெறக்கவே முடியாது,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நெல் பயிரிடுகிறவர். தேவைக்கு மேல் பேச மாட்டார்.

இரண்டாம் நாள் பூட்டு வெடித்து இரண்டாகக் கிடந்தது. மூன்றாம் நாள் செருப்பு வெடித்தது. வயல் களிமண் காய்ந்தால் வெடிக்கும் என்பது அவருக்கு மட்டுமல்ல, எனக்கும் தெரியும். கோடையில் அந்த வெடிப்புகளில் கால் சிக்கி நடந்திருக்கிறேன். கையில் பிசையும்போது ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். மணலும் கொஞ்சம் உமியும் கலந்தேன். அதற்குப் பிறகு நின்றது. டார்ச் லைட், மண்வெட்டி, என் மூக்குக்கண்ணாடி, தூங்கும் நாய், தண்ணீர்த் தொட்டி, ஆமை. ஆமை போண்டா மாதிரி இருந்தது. பொங்கல் வருவதற்குள் முப்பது பொருள் சேர்ந்துவிட்டன.

காய வைத்த இடம் பின்பக்கத்துச் சுவர். இடுப்பு உயரம்தான். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரியின் மாட்டுக் கொட்டகை. என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். இரண்டு கறவை மாடு, பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறாள். எனக்கு அவள் தங்கை மாதிரி, அவளுக்கு நான் “யக்கா”. நான் பையோடு பஸ்ஸை விட்டு இறங்கினால், பையில் இருப்பது முருங்கைக்காயா கத்தரிக்காயா என்று கேட்டு, என்ன விலை என்று கேட்டு, ஏமாந்துவிட்டேன் என்றும் சொல்லிவிட்டுத்தான் விடுவாள்.

அப்படிப்பட்டவள் முப்பது நாளாகத் தன் கண்ணெதிரே வரிசையாகச் சேரும் மண் பொம்மைகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாணி அள்ளும்போது பார்ப்பாள். புதிதாக வந்தது எது என்று கண்ணால் தேடுவாள். கண்டுபிடித்ததும் தலையை லேசாக ஆட்டிவிட்டு வேலையைப் பார்ப்பாள். கேட்கிறவரைவிடக் கேட்காதவரிடம்தான் விஷயம் இருக்கும் என்று புதிதாக வரும் நிருபர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அவள் கேட்காததை நான் கவனிக்கவே இல்லை.

எங்களுக்கு ஒரே மகள். சென்னையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. கல்யாணமாகி ஐந்து வருடம். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போன் செய்வாள். தண்ணி லாரி வரவில்லை, வீட்டு ஓனர் லிஃப்ட்டை நிறுத்திவிட்டார், மாப்பிள்ளைக்குச் சளி, உனக்கு மூட்டு வலி எப்படி, அப்பா சாப்பிட்டாரா. பத்து நிமிடம். இரண்டாவது வருடம் ஒருமுறை குழந்தையைப் பற்றி நான் ஆரம்பித்தேன். “ம்மா, அத வுடு,” என்றாள். விட்டுவிட்டேன். மந்திரிகளிடம் என்ன கேட்க வேண்டுமென்று நிருபர்களுக்குச் சொல்லி அனுப்பியவள் மகளிடம் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஊரில் யாராவது என்னிடம் கேட்டால், “அது அவங்க இஷ்டம்” என்பேன். அந்தப் பதிலை ஊரில் ஒருவரும் பதிலாக எடுத்துக்கொண்டதில்லை.

பொங்கல் கழிந்து எங்கள் வயலில் நடவு. காலையில் வெயில் ஏறும் முன்பே பெண்கள் இறங்கிவிட்டார்கள். வரப்போரம் இருந்த பூவரச மரத்தில் ஒருத்தி தன் பழைய புடவையால் ஏணை கட்டி, கைக்குழந்தையைத் தூங்க வைத்திருந்தாள். காற்றே இல்லை. ஆனாலும் ஏணை லேசாக ஆடியது. உள்ளே குழந்தை காலை உதைத்துக்கொண்டிருந்தது. துணியின் அடிப்பகுதியில் குதிகால் தெரிந்து தெரிந்து மறைந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

அன்று மத்தியானம் முப்பத்து நான்காவது பொருளாக அந்த ஏணையைச் செய்தேன். கவட்டையாக இருந்த இரண்டு குச்சிகளை மண் அடித்தட்டில் நட்டு, மண்ணைப் பூரி மாதிரி மெல்லிசாகத் தட்டி, இரண்டு நுனியையும் குச்சிகளில் ஏற்றினேன். நடுவில் தொய்வு தானாக வந்தது. அந்தத் தொய்வு அச்சு அசலாக இருந்தது. உள்ளே ஒரு பட்டாணி அளவு மண் உருட்டி வைத்தேன். அடிப்பக்கம் விரல் நகத்தால் லேசாக அழுத்தி ஒரு குதிகால். முப்பத்து நான்கு நாளில் பார்த்ததும் இன்னதென்று சொல்லக்கூடியதாக வந்தது அது ஒன்றுதான். கணவர்கூட “ஏணை” என்றார், நான் சொல்லாமலே. பெருமையாக இருந்தது. சுவரில் மற்ற எல்லாவற்றையும் தள்ளி வைத்து, அதை முன்னால் நடுவில் வைத்தேன்.

மறுநாள் காலை எட்டரைக்குப் போன். வியாழக்கிழமை. மகள் வியாழக்கிழமை கூப்பிடமாட்டாள்.

“ம்மா, எத்தினி பேர்கிட்ட சொன்ன?”

“எதச் சொன்னேன்?”

“பக்கத்து வூட்டு அத்த ஸ்டேட்டஸப் பாரு. நான் வெக்கறன்.”

பார்த்தேன். எங்கள் சுவர். காலை வெயிலில் பொம்மைகள் வரிசையாக, நடுவில் ஏணை. படம் நன்றாகவே வந்திருந்தது. எங்கள் போட்டோகிராபர்கள் சிலர் எடுப்பதைவிட நன்றாக. ஏணைக்கு முன்னால் ஒரு செம்பருத்திப் பூ. அதை நான் வைக்கவில்லை. படத்துக்குக் கீழே மூன்று கும்பிடும் கைகள், பிறகு ஒரு வரி: ‘அக்கா வேண்டுதல் பலிக்கணும் ஐயனாரப்பா.’

எங்கள் பக்கத்தில் ஏரிக்கரை ஐயனாருக்கு மண் உருவம் வைப்பது வழக்கம். கால் வலி என்றால் மண்ணில் கால். மாடு நோய் தீர மாடு. பிள்ளை வேண்டுமென்றால் பிள்ளை, தொட்டில். சிலர் பானை வனையும் வேளார் வீட்டில் சொல்லி வாங்கி வைப்பார்கள். சிலர் நாள் கணக்கு வைத்து, வாயைத் திறக்காமல், தாங்களே செய்து சேர்த்து, மொத்தமாகக் கொண்டுபோய் வைப்பார்கள். கோயில் பின்னால் அப்படிக் கிடப்பவற்றைப் பற்றி ஞாயிறு மலருக்கு வந்த ஒரு கட்டுரையை நானே பாதியாக வெட்டியிருக்கிறேன். அப்படியும் எனக்குத் தோன்றவில்லை.

மகளைத் திரும்பக் கூப்பிட்டேன். உடனே எடுத்தாள்.

“நான் எதுவும் வேண்டிக்கல,” என்றேன். “சும்மா செய்யறேன். ஒரு பந்தயம் மாதிரி. நேத்து நடவுல ஒரு ஏணையப் பாத்தேன். செஞ்சேன்.”

“யாருகூடப் பந்தயம்?”

“என்கூடத்தான்.”

“இதப் போய் யாரு நம்புவாங்க? எங்க மாமியார் ஊர்லேருந்து ரெண்டு பேரு அனுப்பிட்டாங்க எனக்கு. ‘அம்மா எவ்ளோ தவிக்கறாங்க பாரு’ன்னு. நான் இங்க ஆபீஸ்ல ஒக்காந்துக்கினு இருக்கன் ம்மா.”

“நான் போய் அவகிட்ட சொல்றேன்.”

“முப்பது வருசமா பேப்பர்ல இருந்தியே. ஒண்ண முன்னால எடுத்து வெச்சா ஜனங்க எப்படிப் படிப்பாங்கன்னு ஒனக்குத் தெரியாதா?”

வைத்துவிட்டாள். அவள் கேட்டதில் வெட்டுவதற்கு ஒரு சொல்லும் இல்லை.

நேராகச் சுவரிடம் போனேன். பக்கத்து வீட்டுக்காரி தீவனம் கலந்துகொண்டிருந்தாள்.

“ஏம்மா, அது வேண்டுதல் இல்ல. அந்தப் படத்த எடுத்துடு.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அருகே வந்து குரலைத் தணித்தாள். “எனக்குத் தெரியாதாக்கா? வேண்டிக்கினவங்க வாயால ஆமான்னு சொல்லக் கூடாது. சொன்னா பலிக்காது. நீ இல்லன்னுதான் சொல்லணும்.”

“நெசமாவே இல்லம்மா.”

“அப்பிடித்தான். அப்பிடியே சொல்லு.”

“அந்தப் பூவ யாரு வெச்சது?”

“நான்தான். ஒனக்காவ வெக்கக் கூடாதா? நீ ஒண்ணும் சொல்ல வாணாம். நானும் கேக்க மாட்டன். இத்தினி நாளு கேட்டனா?”

படத்தை மட்டும் எடுத்துவிட்டாள், நான் முகம் சுளித்ததற்காக. அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் பார்த்தாகிவிட்டது. நாளிதழில் தவறு வந்தால் மறுநாள் உள்பக்கத்தில் ‘திருத்தம்’ என்று நான்கு வரி போடுவோம். அதை யாரும் படிப்பதில்லை என்றாலும் போட்டோம் என்று இருக்கும். இங்கே நான் மறுக்க மறுக்க அது உறுதியாகிக்கொண்டே போனது.

அன்று இரவுச் சாப்பாட்டில் கணவரிடம் சொன்னேன். “நிறுத்திடப் போறேன். எல்லாத்தயும் வாய்க்கால்ல கரைச்சிடறேன்.”

அவர் மோரை ஊற்றிக் கலந்தார். “நிறுத்துனா இன்னா நெனப்பாங்க?”

“இன்னா நெனப்பாங்க?”

“காரியம் முடிஞ்சிடுச்சின்னு. கரைச்சா சுத்தம். நாளைக்கே ‘பொண்ணுக்கு எத்தினி மாசம்’னு ஊரு கேக்கும்.”

சாப்பிட்டு முடிக்கும்வரை யோசித்தேன். அவர் சொன்னதில் தப்பில்லை. தொடர்ந்தால் மகளுக்காக ஏங்குகிறேன் என்று அர்த்தம். நிறுத்தினால் மகளுக்கு நாள் தள்ளிவிட்டது என்று அர்த்தம். மண்ணைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் ஊர் படிக்கப்போவது அவள் உடம்பைத்தான்.

தொடர்ந்தேன். ஏணையை மட்டும் எடுத்து உள்ளே வைத்தேன். அதற்கும் ஒரு அர்த்தம் இருந்திருக்கும், நான் விசாரிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போன் வரவில்லை. நானாகக் கூப்பிட்டேன், மணி அடித்து நின்றது. ‘வேலையில இருக்கன், அப்புறம் பேசறன்’ என்று மெசேஜ். அடுத்த ஞாயிறும் அப்படியே. கணவர் ரேடியோவை அணைத்து வைத்துவிட்டுப் பதினொன்றரை வரை கூடத்தில் உட்கார்ந்திருந்தார், பிறகு எழுந்து மோட்டார் போடப் போனார். ஐந்து வருடமாகப் பத்தே நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பத்து நிமிடத்தையும் நான் ஒரு மண் உருண்டையால் கெடுத்துவிட்டேன். அந்த நாட்களில் செய்ததெல்லாம் சின்னச் சின்னதாக இருக்கிறது: பட்டன், வெற்றிலைக் காம்பு, தீக்குச்சி.

ஐம்பத்தோராவது நாள், சனிக்கிழமை காலை. மகள் சொல்லாமல் வந்து நின்றாள். தோளில் ஒரு பை. முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. தூக்கம் இல்லை என்று நினைத்தேன். “காப்பி போடு ம்மா,” என்று சொல்லிவிட்டு நேராகப் பின்பக்கம் போனாள். நான் டம்ளரோடு போனபோது சுவரை ஒரு ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள், கடையில் சாமான் பார்ப்பதைப் போல.

“இது இன்னா, போண்டாவா?”

“ஆமை.”

“இது?”

“ஒங்கப்பா மண்வெட்டி.”

“கரண்டின்னு நெனச்சேன். இது?”

“நாய். தூங்குது.”

“செத்த மாதிரி கீது.”

சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து முடியாமல், காப்பியைச் சுவரில் வைத்துவிட்டுச் சிரித்தாள். “எந்த சாமி ம்மா இதப் பாத்துட்டு வரம் குடுக்கும்? பயந்துக்கும்.”

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். “கண்ணு, எப்ப வந்த? ஒடம்பு நல்லா கீதா?” கேட்டது முகத்தைப் பார்த்து, பார்வை இறங்கியது வயிற்றுக்கு.

“நல்லா கீறன் அத்த. மாடெல்லாம் நல்லா கீதா?”

“கீதுங்க, கீதுங்க. அம்மா இன்னா பாடுபடறா பாத்தியா உனக்காவ.”

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். “ஆமா அத்த,” என்றாள். “பாவம், அம்மாவுக்குக் கைவேல வராது. அதான் சாமிக்கே புரியல.”

பக்கத்து வீட்டுக்காரி உள்ளே போனதும் மகள் வாசற்படியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள்: “நிறுத்தாத ம்மா. நிறுத்துனா அது வேற கத ஆயிடும்.”

“ஒங்கப்பாவும் அதான் சொன்னாரு.”

“ஆனா இனிமே இன்னா செய்யறதுன்னு நான் சொல்றேன். டெய்லி காலைல மெசேஜ் அனுப்பறேன். எந்த சாமிகிட்டயும் யாரும் கேக்காத சாமானா பாத்து அனுப்பறேன். அத்த கொழம்பட்டும்.”

என் விதிப்படி அன்று கண்ணில் பட்டதைத்தான் செய்ய வேண்டும். அந்த விதியை அங்கேயே கைவிட்டேன்.

மறுநாள் மத்தியானமே சென்னைக்குக் கிளம்பிவிட்டாள். திங்கட்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு முதல் மெசேஜ்: ‘குக்கர் விசில்.’ செவ்வாய்: ‘டோல்கேட்.’ புதன்: ‘ஆதார் கார்டு, போட்டோல மூஞ்சி கேவலமா இருக்கணும்.’ அதற்குப் பிறகு வந்தவை: வைஃபை பெட்டி, மின்சார மீட்டர், ஹெல்மெட் போட்ட எருமை, அவர்கள் வீட்டு ஓனரின் தொப்பை. நான் செய்து படம் எடுத்து அனுப்புவேன். அவள் மார்க் போடுவாள். தொப்பைக்கு நூற்றுக்குத் தொண்ணூறு. சில நாள் எனக்குப் புரியாமல் கேட்பேன், அவள் விளக்குவாள், நான் தப்பாகச் செய்வேன், ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டுத் திட்டுவாள். ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன், நாங்கள் தினமும் பேசிக்கொண்டிருந்தோம்.

பக்கத்து வீட்டுக்காரி குழம்பினாள், ஆனால் தோற்கவில்லை.

“விசிலு எதுக்குக்கா?” என்று சுவரோரம் முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்: “குடித்தனம் நல்லா நடக்கணும்னு. சரிதான்.” டோல்கேட்டைப் பார்த்துவிட்டு, “காரு வாங்கறாங்களா?” என்றாள். மீட்டரைப் பார்த்துவிட்டு, “சொந்த வூடு,” என்றாள். ஹெல்மெட் போட்ட எருமையின் முன்னால் வெகு நேரம் நின்றாள். கடைசியில், “வாகனத்துல போறப்ப எமன் வரக் கூடாதுன்னு,” என்றாள். அதை மகளுக்கு அனுப்பினேன். ஆபீசில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்துவிட்டதாகச் சொன்னாள்.

அறுபத்தாறாவது நாள் காலை, பக்கத்து வீட்டுக்காரி சுவரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்தாள். வழக்கமான குரல் இல்லை.

“யக்கா, எனக்கு ஒண்ணு செஞ்சித் தரியா? கன்னுக்குட்டியோட ஒரு மாடு.”

“எதுக்கு?”

“செவலைக்கு ரெண்டு சினை ஊசி போட்டாச்சு. நிக்கல. இந்த தடவயும் நிக்கலன்னா வித்துடலாம்ன்றாரு வூட்டுக்காரரு. அது நல்ல மாடுக்கா. என்னிய முட்டாது.”

“நான் செய்யறது சாமிக்கு இல்லம்மா. எத்தினி வாட்டி சொல்றது?”

“சரி, சாமிக்கு இல்ல. எனக்குச் செய்யேன்.”

பார்க்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். எனக்குச் சங்கடமாக இருந்தது. செய்து கொடுத்தால், இவ்வளவு நாள் மறுத்தது எல்லாம் பொய் என்று ஆகும். மகளிடம் கேட்டு ஒரு மெசேஜ் போட்டேன். மாட்டைப் பற்றி, இரண்டு ஊசியைப் பற்றி, விற்கப் போகிறார்கள் என்பதைப் பற்றி. நான்கு வரி. செய்தி மாதிரியே எழுதியிருந்தேன்.

வழக்கமாக உடனே பதில் வரும். அன்று நாற்பது நிமிடம் ஆயிற்று.

‘செஞ்சிக் குடு ம்மா.’

பிறகு இன்னொன்று.

‘அதுக்கு ரெண்டு ஊசிதான? எனக்கு இருபத்திரெண்டு.’

கையெல்லாம் மண். போனைத் தரையில் வைத்துவிட்டு, குனிந்து மூன்று முறை படித்தேன். அவள் வந்தபோது முகம் உப்பியிருந்தது தூக்கமில்லாததால் அல்ல. கை கழுவினேன். பதில் எழுத உட்கார்ந்தேன். எப்போதிலிருந்து, எந்த டாக்டர், எந்த இடத்தில், ஏன் சொல்லவில்லை, மாப்பிள்ளை என்ன சொல்கிறார், எவ்வளவு நாளாக. வேலையில் சேர்ந்த முதல் வாரம் எனக்குச் சொல்லிக்கொடுத்த கேள்விகள் எல்லாம் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றாக அழித்தேன். அத வுடு என்று ஒருமுறை சொன்னவள் தானாக ஐந்து வார்த்தை சொல்லியிருக்கிறாள். அதற்கு மேல் அவளாகச் சொல்ல வேண்டும்.

மாட்டையும் கன்றையும் செய்தேன். கன்று நன்றாக வரவில்லை. அம்மா மாட்டின் வயிற்றோடு ஒட்டி, முகத்தை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. படம் எடுத்து அனுப்பினேன். கேள்வி எதுவும் எழுதவில்லை. ‘நூத்துக்கு எவ்ளோ?’ என்று மட்டும் போட்டேன்.

‘கன்னுக்குட்டிக்கு நூறு. மாட்டுக்கு நாப்பது.’

பக்கத்து வீட்டுக்காரி மாட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மண் ஈரம் காயவில்லை, விரலை அழுத்தாதே என்றேன். தலையை ஆட்டினாள். கோயிலுக்குக் கொண்டுபோனாளா, கொட்டகையில் வைத்தாளா என்று நான் பார்க்கவில்லை.

நான்கு நாள் கழித்து, காலை ஏழு பத்துக்கு மெசேஜுக்குப் பதில் போன் வந்தது.

“ம்மா, நாளைக்கு ஆஸ்பத்திரி. போன ரெண்டு தடவ அவரு வந்தாரு. இந்த தடவ நீ வரியா?”

“வரேன்.”

“கேள்வி கேக்கக் கூடாது.”

“கேக்கல.”

“டாக்டர்கிட்டயும்.”

அதற்குக் கொஞ்சம் தயங்கினேன். “சரி,” என்றேன். கணவரிடம் மகளைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கொட்டையில்லாத கறுப்புத் திராட்சை அவளுக்குப் பிடிக்கும் என்று, கடைத்தெரு வரை சைக்கிளில் போய் ஒரு கிலோ வாங்கி வந்தார்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். பெரும்பாலும் ஜோடிகள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒரு நர்ஸ் ஃபைலோடு வந்து, “கூட வந்தது யாரு?” என்றாள். “அம்மா,” என்றாள் மகள், என்னை முந்திக்கொண்டு. கதவுக்கு வெளியே நின்று அவள் வளையலைக் கழற்றினாள், கம்மலைக் கழற்றினாள், செருப்பைக் கழற்றினாள், போனைக் கொடுத்தாள். எல்லாவற்றையும் என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கதவு மூடியது. எதிரே சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதில் இரண்டு எழுத்துப்பிழை. அவற்றை எத்தனை முறை மனதுக்குள் திருத்தினேன் என்று சொல்ல முடியாது.

ஒன்றே கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். மெதுவாக நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திராட்சையை எடுத்துக் கொடுத்தேன். நான்கைந்து தின்றாள்.

“நெசமாவே கேக்கலியே நீ.”

“கேக்கலன்னு சொன்னேன் இல்ல.”

“செரி, ஒண்ணு கேட்டுக்கோ. ஒண்ணுதான்.”

முப்பத்தோரு வருட வேலையில் ஒரே ஒரு கேள்விதான் என்று எனக்கு யாரும் அனுமதி கொடுத்ததில்லை. எது முக்கியம் என்று யோசிக்க நேரம் எடுத்திருந்தால் வேறு எதையாவது கேட்டிருப்பேன்.

“வலிச்சுதா?” என்றேன்.

திராட்சையை உருட்டிக்கொண்டிருந்த கை நின்றது. “இத யாரும் கேக்கலம்மா,” என்றாள். “எல்லாரும் வேற ஒண்ணுதான் கேட்டாங்க.”

பிறகு சொல்ல ஆரம்பித்தாள். ஆட்டோவில் சொன்னாள். வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு சொன்னாள். முதல் நாளிலிருந்து, முதல் ஊசியிலிருந்து, யாரிடமும் சொல்லாமல் ஆபீஸ் பாத்ரூமில் தானே போட்டுக்கொண்டதிலிருந்து. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் காலை என் மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். அவள் சொன்ன மற்றதை இங்கே எழுதப் போவதில்லை. இவ்வளவு எழுதுவதற்கே அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். முடிவு என்ன ஆயிற்று என்பதையும் அவள்தான் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டியவர்களிடம்.

அவள் தூங்கியபோது வெளியே விளக்கு போட்டுவிட்டார்கள். எழுபத்தொன்றாவது நாள். என் விதிப்படி பொழுது சாய்ந்துவிட்டது, கையில் மண்ணும் இல்லை. அவள் கால் இன்னும் என் மடியில் இருந்தது, எடுத்தால் விழித்துக்கொள்வாள். எடுக்கவில்லை.